சிங்கப்பூர் வெயிலும் தமிழர் இட்ட நிழலும்

நம் சங்கத்து ஆண்டு மலரில் வெளியூர்ப் பயணம் குறித்து எழுதுவோர், கண்ட காட்சிகளை வரிசைப்படுத்திக் கூறி, வாங்கி வந்த பொருள்களையும் சொல்லி முடிப்பது வழக்கம். அவ்வழக்கத்தை நாமும் ஓரளவு பின்பற்றுவோம். ஆயினும் சிங்கப்பூர் நகரைச் சுற்றிப் பார்க்கும் தமிழருக்கு அத்துடன் நின்றுவிட மனம் வராது. அங்குள்ள கோயிலிலும், சாலையிலும், கடைத்தெருவிலும் நம்மவர் வரலாறு படிந்து கிடக்கிறது. நம் காலனியைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் சித்திரை மாதத்தில் அந்நகருக்குச் சென்று, ஒரு முழுப் பகலும் வெயிலில் நடந்து கண்ட வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

கோயம்புத்தூரில் விமானம் ஏறினால் நான்கரை மணி நேரத்தில் சிங்கப்பூர் சேரலாம். நம் பாட்டனார் காலத்தில் அவ்வாறு இல்லை. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழரை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்றது. 1973-ஆம் ஆண்டு வரை அது கடலில் ஓடியது. ஏழை எளியவர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் அலையோடு போராடிக் கரை சேர்ந்தார்கள். அவர்களுக்கும் முன்பு பாய்மரக் கப்பலில் சென்றவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

வெயில் நமக்குப் புதிதன்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலே வாழும் முதலமடை மக்களுக்குப் பங்குனி, சித்திரை மாதங்களின் வெப்பம் எத்தகையது என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் ஊர் வெயில் வறண்ட வெயில். ஒரு மாமரத்தடியில் ஒதுங்கினால் காற்று வந்து ஆற்றிவிடும். சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில், கடலால் சூழப்பட்டு நிற்கும் தீவு. அங்கே காற்றிலேயே நீர் நிறைந்திருப்பதால், உடலில் வழியும் வியர்வை உலர்வதே இல்லை. காலை ஒன்பது மணிக்கே பெண்மக்கள் முந்தானையால் முகம் துடைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் நிழல் எங்கே என்று தேடினார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்னும் பழமொழியின் பொருளை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். நிழல் தேடிச் சென்ற இடமெல்லாம் அந்த நிழலை இட்டவர் யார் என்று கேட்டோம். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அஞ்சடி

சிங்கப்பூரின் பழைய தெருக்களில் கடைகளின் முன்புறம் தூண்கள் தாங்கிய நடைபாதை ஒன்று தொடர்ந்து செல்கிறது. மேல்மாடி அதற்குக் கூரையாகிறது. ஐந்து அடி அகலம் கொண்ட வழி என்னும் பொருளில் அங்குள்ள தமிழர் அதனை 'அஞ்சடி' என்பர். இதன் தோற்றம் 1822-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் அத்தீவில் இறங்கிய ராபிள்ஸ் என்பவர், மூன்றாண்டு கழித்து நகரமைப்பு வரைந்தபோது, ஒவ்வொரு வீட்டின் முன்னும் யாவரும் நடக்கத்தக்க மூடிய தாழ்வாரம் இருத்தல் வேண்டும் என்று விதித்தார். வெயிலுக்கும் மழைக்கும் அதுவே இன்றளவும் குடை.

அதே நகரமைப்பில் இன்னின்ன இனத்தார் இன்னின்ன பகுதியில் குடியிருப்பது என்றும் வகுக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்க்கு ஆற்றங்கரையில் ஓர் இடம் ஒதுக்கி, அதற்குச் 'சூலியா கம்பம்' என்று பெயரிட்டார்கள். 'கம்பம்' என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். ஆக, அந்நகரம் தாளில் வரையப்பட்ட நாளிலேயே நம்மவர்க்கும் அதில் ஒரு மூலை இருந்தது.

செங்கற் சூளை வைத்த நாராயண பிள்ளை

எங்கள் முதல் தரிசனம் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில். கோபுரத்தைக் கண்டதும் எங்களுடன் வந்திருந்த பெரியம்மா, "நம் ஊர்ப் பக்கத்துக் கோயில் போலவே இருக்கிறதே!" என்று கை கூப்பினார். அக்கோயிலை எழுப்பியவர் நாராயண பிள்ளை.

இவர் பினாங்கில் அரசாங்கப் பணியில் இருந்தவர். 1819-ஆம் ஆண்டு மே மாதம் ராபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது உடன் வந்தார். வீடு கட்ட ஓயாது ஆள் தேவைப்படும் புதுக் குடியிருப்பு அது. செங்கல்லுக்கோ வழி இல்லை. இதைக் கண்ட பிள்ளையவர்கள் தஞ்சோங் பகாருக்கு அருகே செங்கற் சூளை வைத்தார். பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். துணி வியாபாரமும் செய்தார். 1822-ஆம் ஆண்டில் கடை தீப்பற்றி எரிந்து, கடனுக்கு வாங்கிய சரக்கெல்லாம் சாம்பலாயிற்று. அந்நிலையில் மனம் தளராது, ராபிள்ஸிடம் வேறிடம் கேட்டுப் பெற்று, மீண்டும் தொழில் நடத்தித் தலை நிமிர்ந்தார்.

கோயிலுக்கு இடம் பெற்ற கதை அலுவலக நடைமுறை அறிந்தவர்க்குச் சுவை தருவது. முதலில் கொடுத்த இடம் தெலுக் ஆயர் தெருவில். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. அடுத்து 1821-இல் கொடுத்த இடம், புதிய நகரமைப்பால் கோயிலுக்கு உதவாமற் போயிற்று. 1823-இல் கொடுத்ததுதான் இன்றைய இடம். 1827-இல் மரமும் ஓலையும் கொண்டு சிறு கோயில் எழுந்தது. அவர் பிரதிஷ்டை செய்த சின்ன அம்மன் இன்றும் பூசை கொள்கிறாள். 1843-இல் செங்கற் கட்டடம் அமைந்தது. புதிதாக வந்து இறங்கிய தமிழர், வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை ஒண்டுவதற்கு அக்கோயிலே நிழல் தந்தது.

கோயிலின் பக்கத்துத் தெருக்களுக்குப் பகோடா தெரு, டெம்பிள் தெரு என்று பெயர் வந்தது இந்தக் கோபுரத்தால்தான். அதே சாலையில் சற்றுத் தொலைவில் 1826-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜாமியா பள்ளிவாசல் நிற்கிறது. அது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. ஒரே கடலைக் கடந்து வந்தவர்கள் ஒரே சாலையில் தத்தம் வழிபாட்டுக்கு இடம் அமைத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2019-இல், ராபிள்ஸ் சிலைக்கு அருகே ஆற்றங்கரையில் வேறு நால்வரின் சிலைகளையும் வைத்தார்கள். அந்நால்வருள் நாராயண பிள்ளையும் ஒருவர். செங்கல் அறுத்த தமிழருக்கு இருநூறு ஆண்டு கழித்து அம்மரியாதை கிட்டியது. கிட்டியதன் காரணத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் கேட்டு வாங்கிய பதிவும், கோயில் கட்டிய பதிவும் இருந்தன. ஏட்டில் பெயர் இருந்தது. ஆதலால் சிலையாக வர முடிந்தது.

பெயர் எழுதப்படாத கைகள்

அங்கிருந்து வெயிலில் நடந்து, வெண்ணிறமாக ஒளிரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அடைந்தோம். உள்ளே நுழைந்தவுடன் உடல் குளிர்ந்தது. 1856-இல் அடிக்கல் நாட்டி, 1861-இல் முதல் வழிபாடு நடந்த அக்கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து முதற் கைதிக் கூட்டம் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தவரும் வங்காளத்தவரும் அதில் இருந்தனர். 1873-ஆம் ஆண்டு வரை அம்முறை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் காடு வெட்டியவர், சதுப்பு தூர்த்தவர், சாலை போட்டவர், பாலம் கட்டியவர் இவர்களே. இன்று குடியரசுத் தலைவரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1867 முதல் 1869 வரை இவர்கள் உழைப்பால் எழுந்தது. இவர்கள் சுட்ட செங்கல் 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

தேவாலயச் சுவரின் பூச்சைத் தொட்டுப் பார்த்தால் பளிங்கு போல் வழவழப்பு. அதற்குச் சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர். கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்க்கு இந்தக் கைவண்ணம் விளங்கும். பழைய கொத்தர் கையிலிருந்த வித்தை அது. விலங்கு பூட்டிய கையோடு கடல் கடந்து சென்றது.

பதக்கம் செங்கல்லுக்குக் கிடைத்தது. அதைச் சுட்டவனின் பெயர் மக்கள் நினைவில் இல்லை. பாதிரியார் பெயரும் பொறியாளர் பெயரும் கல்லில் உள்ளன. சுவரை நிமிர்த்தியவனின் பெயரை அக்கட்டடத்தில் காணோம்.

பாலக்காட்டு மகளும் தோட்டத்துப் பெண்களும்

தேவாலயத்தின் எதிரே விரிந்து கிடக்கும் பசும்புல் மைதானம் பாடாங். 1943-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தினர் முன் முழக்கமிட்டது இங்கேதான். அருகே கடற்கரைப் பூங்காவில் அப்படையின் நினைவிடத்தைக் குறிக்கும் கல் ஒன்று இருக்கிறது. 1945-இல் எழுப்பிய முதற் சின்னத்தை மீண்டு வந்த ஆங்கிலப் படை தகர்த்துவிட்டது. இப்போதுள்ள கல் 1995-இல் வைக்கப்பட்டது.

நகர மன்ற நிலையத்தில் மின்ரயில் ஏறி, அடுத்த நிலையமாகிய தோபி காட்டில் இறங்கினோம். சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த துறை என்பதால் அப்பெயர். அங்கே கத்தே மாளிகையின் பழைய முகப்பைப் பாதுகாத்து வைத்துள்ளனர். 1943 அக்டோபர் 21-ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அம்மாளிகையில் அறிவிக்கப்பட்டது. மறுநாளே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அப்படையின் தலைவி கேப்டன் லட்சுமி. 1940-இல் சிங்கப்பூர் சென்று, ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்துவந்தவர். அவருடைய தாயார் அம்மு சுவாமிநாதன் நம் பாலக்காட்டு மாவட்டத்து ஆனக்கரையில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். இதைச் சொன்னதும் உடன் வந்த பெண்பிள்ளைகள் வெயிலையும் மறந்து அம்முகப்பை நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் அப்படையில் சேர்ந்தவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் மிகுதி. பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. தலைவியின் பெயரை நாம் அறிவோம். அப்பெண்களுள் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தேக்காவில் கடை பார்த்தல்

உச்சி வேளையில் அடுத்த நிலையமாகிய லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சிராங்கூன் சாலைக்குள் புகுந்தோம். தமிழர் இப்பகுதியைத் தேக்கா என்பர். முன்னாளில் இங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றும் தமிழர் வழங்கினர். பின்னர் மாட்டு வாணிகம் செழித்தது. எருமையின் பெயரால் இன்றும் தெரு உண்டு. 1947-இல் தொடங்கிய கோமள விலாசில் இலை போட்டுச் சாப்பிட்டோம். சாம்பார் மணத்தில் பிள்ளைகள் பாதி களைப்பைத் தீர்த்துக்கொண்டனர்.

பிறகு கடைகள். கேம்பல் சந்தில் பூச்சரம் கட்டுவோர், புடவைக் கடைகள், நகைக் கடைகள், பாத்திரக் கடைகள் என்று அஞ்சடி முழுவதும் நிறைந்திருந்தன. பெண்மக்கள் கோடாலித் தைலம் டசன் கணக்கில் வாங்கினார்கள். 1928-ஆம் ஆண்டிலிருந்து அந்நகரில் ஒரு சீனக் குடும்பத்தார் செய்துவரும் தைலம் அது. வெளிநாடு சென்று வருவோர் பெட்டியில் அது இல்லையேல் உறவினர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் அல்லவா? தேக்காச் சந்தையில் இந்திய மாம்பழம் விலை சொன்னார்கள். மாந்தோப்புக்கு நடுவே வாழும் நாம் அவ்விலையைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, எடுத்த பழத்தை மெல்ல வைத்துவிட்டு வந்தோம்.

பூக்கடையில் முதியவர் ஒருவர் மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். "எந்த ஊர் ஐயா தங்களுக்கு?" என்று வினவினோம். "இங்கேயே பிறந்தவன் தம்பி. என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர் என்பார்கள். எந்தக் கிராமம் என்று அப்பாவைக் கேட்டுவைக்கவில்லை. இப்போது சொல்வதற்கு ஆள் இல்லை," என்றார். சரத்தை எங்கள் வீட்டுப் பெண் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பூவை எடுத்தார். அன்று கேட்ட சொற்களில் இதுவே எங்கள் நெஞ்சில் தைத்தது.

ஆயினும் எழுதி வைத்தவர்களும் உண்டு. 1887-ஆம் ஆண்டிலேயே மகுதூம் சாயபு என்பவர் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழை அங்கு நடத்தினார். 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் தோற்றுவித்த 'தமிழ் முரசு' இன்றும் வெளிவருகிறது. மக்கள் தமிழவேள் என்று போற்றிய அப்பெரியார், தமிழர் அந்நாட்டுக் குடியுரிமை பெறவும், பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இடம் பெறவும் ஓயாது எழுதினார். 1965-இல் தனிநாடான சிங்கப்பூர், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்றது. அந்நாட்டுப் பணத்தாளில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்து மகிழ்ந்தார்கள்.

தண்டவாளத்தின் கதை

மாலையில் தஞ்சோங் பகாருக்குச் சென்றோம். ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு அங்குள்ள பழைய ரயில் நிலையத்தைக் காணாமல் திரும்ப மனமில்லை. உள்ளே செல்ல வழியில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். 1932-ஆம் ஆண்டு மே மாதம் திறந்த நிலையம் அது. முகப்பில் உழவு, தொழில், வணிகம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு கற்சிலைகள் நிற்கின்றன. மலாயாவிலிருந்து கடற்பாலத்தின் வழியே வந்த மீட்டர் கேஜ் பாதை இங்கே முடிந்தது. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். அந்நிலையம் இப்போது தேசிய நினைவுச் சின்னம்.

அந்த 1932-ஆம் ஆண்டைக் கண்டதும் நமக்கு நம் ஊர் நினைவு வந்தது. பொள்ளாச்சியிலிருந்து முதலமடை வழியாகப் பாலக்காட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1932-இல்தான். அதுவும் மீட்டர் கேஜ் பாதையே. 2008-இல் அப்பாதையை மூடி, அகலப்பாதையாக்கி, 2015-இல் மீண்டும் திறந்தார்கள். ஆலமரங்கள் குடை பிடிக்கும் நம் முதலமடை நிலையத்து நிழலில் நின்று வண்டிக்குக் காத்திராதவர் நம்மில் யார்? அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர் யார், ஜல்லி உடைத்தவர் யார், அந்த ஆலங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று கேட்டால் நம்மிடம் விடை உண்டா?

நாம் செய்யத்தக்கது

பிழைப்புத் தேடி மலையோரத்துக்கு வந்தவர்கள் நம் முன்னோர். எல்லைக்கோடு இங்கே விழுவதற்கு முன்பே வந்தவரும் உண்டு. பின்பு வந்தவரும் உண்டு. தோப்பில் கன்று நட்டார்கள். பாதையில் கல் பதித்தார்கள். அணையில் மண் கொட்டினார்கள். மாங்கனியால் முதலமடையின் பெயர் இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. நட்டவர் பெயரோ அவரவர் வீட்டுத் திண்ணையோடு நிற்கிறது. அவர்களுள் எழுபது, எண்பது வயது கடந்தவர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பூக்கடை முதியவரின் நிலை நம் பேரர்களுக்கு வருமுன் அவர்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

ஆகவே சங்கத்தாரின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். எந்தக் கிராமத்திலிருந்து வந்தோம், எந்த ஆண்டில் வந்தோம், முதலில் யார் வந்தார், என்ன வேலை செய்தார், அவருடைய மனைவி பெயர் என்ன: இவ்வளவு போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவற்றைத் தொகுத்து ஒரு நோட்டாகக் கட்டிச் சங்க அலமாரியில் வைக்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

அதைப் பெரியவர் சொல்ல, பிள்ளைகளே தம் கையால் தமிழில் எழுதட்டும். இதற்கும் காரணம் உண்டு. தமிழுக்கு ஆட்சிமொழி உரிமை கொடுத்த அதே சிங்கப்பூரில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 3.3 பேராக இருந்து, 2020-இல் 2.5 பேராகக் குறைந்தனர். சட்டம் பணத்தாளில் தமிழைக் காக்கும்; அடுப்பங்கரையில் காக்க வேண்டியவர்கள் நாமே. படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லையேல், நாம் எழுதி வைக்கும் நோட்டும் பூட்டிய பெட்டிதான்.

அன்றைய வெயிலில் எங்களுக்கு நிழல் தந்த ஒவ்வொரு சுவருக்குப் பின்னும் பெயர் தெரியாத ஒரு தமிழர் நின்றார். நம் காலனிக்கு நிழல் தந்தவர்களின் பெயரையேனும் நாம் அறிந்துகொள்வோம். எழுதும் பணியை இந்த ஆண்டு விழா நாளிலேயே தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!